பத்துக் கோடியா, இருபத்தொரு கோடியா?
நாட்டின் சர்க்கரை நோயாளிகளைக் கணக்கிடும்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இந்தியாவில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது? சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025-இல் வெளியிட்ட அட்லஸ், 2024 நிலவரப்படி 8.98 கோடி என்கிறது. 2023 ஜூனில் வந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வு, 2021-இல் 10.1 கோடி என்றது. 2024 நவம்பரில் என்சிடி-ரிஸ்க் என்ற உலகளாவிய ஆய்வாளர் குழு ‘லான்செட்’ இதழில் எழுதியபோது, 2022-இல் 21.2 கோடி என்றது. அதே அட்லஸும் அதே என்சிடி-ரிஸ்க் குழுவும் சீனாவுக்குச் சொல்லும் எண் என்ன தெரியுமா? இரண்டிலும் 14.8 கோடிதான். சீனாவில் ஒத்துப்போகிறவர்கள் இந்தியாவுக்கு வரும்போது இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறார்கள்.

யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. யாரை அளப்பது, எந்தச் சோதனையால் அளப்பது, எங்கே கோடு கிழிப்பது, கிடைத்த விழுக்காட்டை எத்தனை பேரால் பெருக்குவது என்ற நான்கு முடிவுகளை ஒவ்வொருவரும் வெவ்வேறாக எடுத்திருக்கிறார்கள். எடுத்த முடிவுகளை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் நீட்டினால் அது யாருக்கும் உதவாது. கணக்கெடுப்பில் இறங்குகிறவர்கள், பொதுச் சுகாதார மாணவர்கள், திட்டம் வகுக்கும் அதிகாரிகள், இந்த எண்களைச் செய்தியாக்கும் பத்திரிகையாளர்கள் ஆகிய எல்லோருக்குமாகச் சில குறிப்புகள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது

செய்யக்கூடாது: முகாமுக்கு வந்தவர்களை வைத்து ஊரைக் கணக்கிடாதீர்கள்.
நவம்பர் 14, உலக நீரிழிவு நாள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பான்டிங் பிறந்த நாள் அது. அன்றைக்கு ஊருக்கு ஊர் இலவச முகாம் நடக்கும். வரிசையில் நிற்பவர்கள் யார்? ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர், அப்பாவுக்கு இருந்ததால் தனக்கும் வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர், ஆறாத புண்ணோடு வந்தவர். காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்ட கட்டடத் தொழிலாளி அங்கே இல்லை. முகாம் நல்ல காரியம்தான், நடக்கட்டும். அங்கே வந்த விழுக்காட்டை மட்டும் ‘நம் மாவட்டத்தில் இத்தனை பேருக்கு’ என்று மாலைச் செய்தியில் சொல்லாதீர்கள்.

மருத்துவமனைப் பதிவேட்டுக்கும் இதே விதிதான். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பட்டியல், எத்தனை பேருக்கு மருந்து போய்ச் சேருகிறது என்று சொல்லும். கொள்முதலுக்கு அது பொன்னான தகவல். நோய் இருப்பதே தெரியாதவர் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார். நாம் எண்ண வந்ததோ அவரையும் சேர்த்து.

செய்ய வேண்டியது: குலுக்கல் முறையைக் கடைசிப் படிவரை கொண்டுபோங்கள்.
இண்டியாப் ஆய்வின் வடிவமைப்பு பார்த்துப் படிக்க வேண்டிய ஒன்று. ஒவ்வொரு மாநிலத்திலும் 4,000 பேர். அதில் 2,800 பேர் கிராமத்தவர், 1,200 பேர் நகரத்தவர். கிராமத்தில் நோய் குறைவு என்பதால்தான் அங்கே ஆள் கூடுதல். அரிதாக இருக்கும் ஒன்றை அதே துல்லியத்தோடு அளக்க வேண்டுமென்றால் அதிகம் பேரைப் பார்த்தாக வேண்டும். கிராமங்களில் ஊரையும், நகரங்களில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வட்டாரத்தையும் குலுக்கலில் எடுத்தார்கள். பிறகு வீட்டை எடுத்தார்கள், கடைசியில் வீட்டுக்கு ஒருவரைக் கிஷ் அட்டவணை என்ற முறைப்படி எடுத்தார்கள். இப்படி 31 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் சேர்த்து 1,13,043 பேர்.

அந்தக் கடைசிப் படியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஊரையும் தெருவையும் ஒழுங்காகக் குலுக்கிவிட்டு, கதவைத் திறந்தவர் கையிலேயே ஊசியைக் குத்திவிடுகிறார்கள். பகல் பதினோரு மணிக்குக் கதவைத் திறப்பவர் பெரும்பாலும் வயதானவர் அல்லது வீட்டிலிருக்கும் பெண். இளைஞர்கள் குறைந்து முதியவர்கள் கூடினால் நோய் விழுக்காடு தானாக ஏறும்.

செய்ய வேண்டியது: பூட்டிய வீட்டுக்குத் திரும்பப் போங்கள். விடியற்காலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போங்கள். பூட்டு தொங்குகிறது என்று பக்கத்து வீட்டை எழுதிக்கொண்டு வந்தால், வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் உங்கள் நாட்டில் இல்லாமல் போவார்கள்.

செய்யக்கூடாது: கர்ப்பிணிகளை மற்றவர்களோடு சேர்த்து எண்ணாதீர்கள். கர்ப்ப காலச் சர்க்கரைக்கு அளவுகோலே வேறு. அதைத் தனி ஆய்வாக வையுங்கள்.

கேள்வி கேட்கும்போது

செய்யக்கூடாது: வாய்மொழிப் பதிலை மட்டும் நம்பி முடிக்காதீர்கள்.
2017-இல் வெளியான 15 மாநில இண்டியாப் முடிவுகளில், நோய் உள்ளவர்களில் 47.3 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. அவர்களிடம் “உங்களுக்குச் சுகர் இருக்கா?” என்று கேட்டிருந்தால், தங்களுக்குத் தெரிந்தவரை உண்மையாகவே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். இதில் ஒரு விபரீதமும் உண்டு. வாய்மொழிக் கணக்கில் மருத்துவ வசதி அதிகமுள்ள மாநிலம் நோய் அதிகமுள்ளதாகத் தெரியும், மருத்துவரே இல்லாத மாவட்டம் ஆரோக்கியத்தின் சிகரமாகத் தெரியும்.

செய்ய வேண்டியது: மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.
“சாப்பிடுறேன்” என்பவர் என்ன சாப்பிடுகிறார் என்று பாருங்கள். மெட்ஃபார்மின் என்றாலே சர்க்கரை நோய் என்று எழுதிவிடவும் கூடாது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காக அதே மாத்திரையை எடுக்கும் இளம்பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதற்காகக் கொடுத்தார்கள் என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும். கைமருந்து மட்டும் குடிப்பவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதையும் களத்தில் இறங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது: ‘வெறும் வயிறா’ என்பதை வேறு விதமாகக் கேளுங்கள். நம் ஊரில் காலைக் காபியையோ டீயையோ யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. “காலையில எழுந்ததுல இருந்து வாயில என்னென்ன போட்டீங்க?” என்று கேட்டால் டீ, பிஸ்கட், வெற்றிலை எல்லாம் வரிசையாக வெளியே வரும்.

அளக்கும்போது

செய்ய வேண்டியது: சோதனையை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றாதீர்கள்.
மொத்தக் கணக்கும் தடம் மாறுவது இங்கேதான். அறிகுறி இல்லாதவரிடமும் சர்க்கரை நோயைக் கண்டறிய ஏற்கப்பட்ட வழிகள் மூன்று. எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து எடுத்த ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல். குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததில் 200 அல்லது அதற்கு மேல். மூன்று மாதச் சராசரி என்று மக்கள் சொல்லும் ஹெச்பிஏ1சி 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல். மூன்றும் ஒரே ஆட்களைப் பிடிப்பதில்லை. வெறும் வயிற்றில் 110 காட்டுகிறவர் குளுக்கோஸ் குடித்தபின் 230-ஐத் தொடலாம். வெறும் வயிற்றுச் சோதனையோடு நிறுத்தினால் இவர் தப்பிவிடுவார்.

இண்டியாப் முதல் இரண்டையும் வைத்துக் கணக்கிட்டது. என்சிடி-ரிஸ்க் வெறும் வயிற்றுச் சோதனையையும் ஹெச்பிஏ1சி-யையும் எடுத்துக்கொண்டு, இரண்டில் ஒன்று கோட்டைத் தாண்டினாலும் நோயாளி என்று எண்ணியது. 10.1 கோடிக்கும் 21.2 கோடிக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் பெரும்பகுதி இந்த ஹெச்பிஏ1சி-யில்தான் இருக்கிறது என்பது நம் நாட்டு நீரிழிவு வல்லுநர்கள் பலரின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. இரும்புச் சத்துக் குறைந்தால் ரத்தச் சர்க்கரை கூடாமலேயே ஹெச்பிஏ1சி உயரும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. வடகிழக்கில் பரவலாகக் காணப்படும் ஹீமோகுளோபின்-ஈ, பழங்குடிப் பகுதிகளில் காணப்படும் கதிர் அரிவாள் செல் போன்ற மாறுபாடுகளும் இந்த அளவைக் குழப்பும். சில நேரம் கூட்டியும் சில நேரம் குறைத்தும் காட்டும். இப்படிப்பட்ட நாட்டில் ஹெச்பிஏ1சி-யைத் தனியாக நம்பி எண்ணக்கூடாது.

அதற்காக 21.2 கோடியைக் குப்பையில் போட்டுவிடவும் வேண்டாம். உலக நாடுகளையெல்லாம் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க அது உருவானது. இந்தியாவுக்குள் மருந்து, மருத்துவர், படுக்கை என்று திட்டம் போடுகிறவருக்கு என்னைக் கேட்டால், 2021-க்கான 10.1 கோடியைக் கையில் வைத்துக்கொள்வதுதான் சரி. வீடு வீடாகப் போய்க் குளுக்கோஸ் கொடுத்து அளந்து வந்த எண் அது.

செய்யக்கூடாது: விரல் நுனி ரத்தத்துக்கும் நரம்பில் எடுத்த ரத்தத்துக்கும் ஒரே கோட்டைப் போடாதீர்கள்.
குளுக்கோஸ் குடித்தபின் விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதனால்தான் குளுக்கோமீட்டரால் அளந்த இண்டியாப், இரண்டு மணி நேர அளவுக்கு 200-க்குப் பதிலாக 220-ஐக் கோடாக வைத்தது. இந்த இருபதை மறந்தால் எத்தனை லட்சம் பேர் ஒரே இரவில் நோயாளி ஆவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கரைசலிலும் கவனம் வேண்டும். நீர்ச்சத்து நீக்கிய குளுக்கோஸ் என்றால் 75 கிராம். கடையில் கிடைக்கும் சாதாரண குளுக்கோஸ் பொடி என்றால் அதே அளவுக்கு 82.5 கிராம் வேண்டும்.

செய்யக்கூடாது: நரம்பில் எடுத்துவிட்டோம், இனி கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள்.
குழாயில் எடுத்த ரத்தத்தின் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு குறையும். சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் ஜீப்பில் குலுங்கி ஆய்வகம் சேரும்போது 135-ஆக இருந்தது 126-க்குக் கீழே இறங்கி, ஒரு நோயாளி காகிதத்தில் குணமாகிவிடுவார். பனிக்கட்டிப் பெட்டி, ஃபுளோரைடு கலந்த குழாய், சீக்கிரம் பிளாஸ்மாவைப் பிரிக்கும் எந்திரம் இவற்றில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். இவற்றுக்கு வழியில்லாத இடத்தில் தரம் சோதித்த குளுக்கோமீட்டரே மேல். அதன் பட்டைகளையும் வெயிலில் காயப்போடாமல், காலாவதி தேதி பார்த்துப் பயன்படுத்துங்கள்.

செய்யக்கூடாது: எப்போது எடுத்தாலும் சரி என்று எடுத்த அளவைச் ‘சர்க்கரை நோய்’ என்று பெயரிடாதீர்கள்.
ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21), சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த நேரத்துச் சர்க்கரையை அளந்தது. 140-ஐத் தாண்டியவர்கள் அல்லது மருந்து சாப்பிடுபவர்கள் பெண்களில் 13.5, ஆண்களில் 15.6 விழுக்காடு என்று வந்தது. இதை அந்த ஆய்வு ‘உயர்ந்த சர்க்கரை அளவு’ என்றுதான் வகைப்படுத்துகிறது. மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமானவரும் 140-ஐ எட்டிப் பார்க்கலாம். போதாக்குறைக்கு அந்த ஆய்வு 15 வயதிலிருந்து தொடங்குகிறது, இண்டியாப் 20-இலிருந்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இரண்டே ஆண்டில் குறைந்தது’ என்றோ ‘கூடியது’ என்றோ எழுதுவது வெறும் கற்பனை.

செய்ய வேண்டியது: ஒரே நாள் சோதனை என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். அறிகுறி இல்லாதவருக்கு மருத்துவர் இன்னொரு நாளும் சோதித்துத்தான் நோய் என்று உறுதி செய்வார். கணக்கெடுப்பில் அதற்கு வழியில்லை. அதனால் எண் சற்று மிகையாகவே வரும். அதை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்துவைக்காமல் முன்பக்கத்திலேயே சொல்லுங்கள்.

கணக்குப் போடும்போது

செய்யக்கூடாது: விழுக்காடுகளைக் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள்.
இண்டியாப் கணக்கில் நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.9. கூட்டி வகுத்தால் 12.65. ஆனால் நாட்டின் விழுக்காடு 11.4, ஏனென்றால் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் கிராமத்தில் இருக்கிறார்கள். ஒன்றேகால்தானே வித்தியாசம் என்று நினைக்கலாம். 10.1 கோடி என்பது 11.4 விழுக்காடு என்றால் மொத்தம் ஏறத்தாழ 88.6 கோடிப் பெரியவர்கள். அதில் ஒன்றேகால் விழுக்காடு என்பது ஒரு கோடியே பத்து லட்சம் பேர். மாநிலங்களுக்கும் இதே நியாயம்தான். மிசோரமிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு ஆட்களைச் சோதித்திருக்கலாம். நாட்டின் கணக்கில் இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது.

செய்ய வேண்டியது: எதனால் பெருக்கினீர்கள் என்று சொல்லுங்கள். இந்தியாவில் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் நடந்தது. 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட காலத்தின் எல்லாக் கோடிக் கணக்குகளும் மதிப்பிட்ட மக்கள்தொகையின் மேல் நிற்பவைதாம். விழுக்காடு அளந்தது, கோடி பெருக்கியது. இரண்டின் நம்பகத்தன்மையும் ஒன்றல்ல.

செய்ய வேண்டியது: முன்பின் இடைவெளியைச் சேர்த்தே சொல்லுங்கள். 11.4 விழுக்காட்டுக்கு இண்டியாப் கொடுத்த இடைவெளி 10.2 முதல் 12.5 வரை. ஆட்களாக மாற்றினால் சுமார் 9 கோடியிலிருந்து 11 கோடி வரை. ‘10 கோடியே 13 லட்சத்து 27 ஆயிரம்’ என்கிற தொனியில் யாராவது எழுதினால், அவருக்கு எண் தெரியும், அளவை தெரியாது.

ஒப்பிடும்போது

செய்யக்கூடாது: வயதைச் சரிக்கட்டாமல் மாநிலங்களுக்குத் தரவரிசை போடாதீர்கள்.
இண்டியாப் சொன்ன விழுக்காடுகள் இவை: கோவா 26.4, புதுச்சேரி 26.3, கேரளம் 25.5, தமிழ்நாடு 14.4, உத்தரப் பிரதேசம் 4.8. இந்தப் பட்டியல் வந்த மறுநாளே கேரளத்தின் பொரோட்டாவும் கோவாவின் மதுவும் குற்றவாளிக் கூண்டில் ஏறின. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். இரண்டு மாநிலங்களிலும் 45 வயதுக்குக் கீழ் 5 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு நோய் என்று வைப்போம். பெரியவர்களில் பாதிப் பேர் 45-ஐத் தாண்டியிருக்கும் மாநிலத்தில் மொத்தம் 12.5 வரும். முப்பது விழுக்காட்டினர் மட்டும் தாண்டியிருக்கும் மாநிலத்தில் 9.5 வரும். சாப்பாடும் பழக்கமும் ஒன்றுதான், வயது மட்டும்தான் வேறு. கேரளம் இந்தியாவின் மூத்த மாநிலங்களில் ஒன்று, உத்தரப் பிரதேசம் இளையது. வயதைச் சமப்படுத்தினாலும் வித்தியாசம் முழுதாக மறைந்துவிடாது என்பது உண்மை. எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்த பிறகு பொரோட்டாவைத் திட்டலாம்.

செய்யக்கூடாது: சிறிய எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். நோய் 4.8 விழுக்காடாக இருக்கும் உத்தரப் பிரதேசத்தில், நோயின் வாசலில் நிற்பவர்கள் 18 விழுக்காடு. அடுத்த பத்தாண்டின் எண் அங்கே காத்திருக்கிறது.

செய்யக்கூடாது: 1970-களின் எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒரே கோட்டில் வரையாதீர்கள்.
1972-75-இல் ஐசிஎம்ஆர் நடத்திய ஆய்வில் நகரத்தில் 2.1, கிராமத்தில் 1.5 விழுக்காடு. அதை இன்றைய 11.4-க்குப் பக்கத்தில் வைத்து ‘ஐந்து மடங்கு’ என்பது மேடைப் பேச்சுக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் அன்று எடுத்த வயது வேறு, சோதனை வேறு, கோடும் வேறு. வெறும் வயிற்றுக் கோடே 1990-களின் இறுதிவரை 140. அதன் பிறகுதான் 126-க்கு இறங்கியது. நோய் பெருகியது உண்மை. அதைக் காட்ட ஒரே ஊரில், ஒப்பிடத்தக்க முறையில் திரும்பத் திரும்ப அளந்த எண்களை எடுங்கள். சென்னையில் 1989-இல் 8.3 விழுக்காடாக இருந்தது 2004-இல் 14.3 ஆனது. மிகைப்படுத்தாமலே போதுமான அளவுக்குக் கவலை தரும் எண் இது.

இன்னொன்று. விழுக்காடு கூடுவதெல்லாம் தோல்வி என்றும் எண்ண வேண்டாம். நல்ல சிகிச்சையால் நோயாளிகள் நீண்ட நாள் வாழ்ந்தால், எந்த நேரத்தில் எண்ணினாலும் அவர்கள் கணக்கில் இருப்பார்கள், மொத்தம் கூடும். நோய் புதிதாக எத்தனை பேருக்கு வருகிறது என்பது தனிக் கேள்வி. அதற்கு ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும்.

வெளியிடும்போது

செய்ய வேண்டியது: எண்ணுக்குப் பக்கத்திலேயே வயது வரம்பு, சோதனை, ஆண்டு மூன்றையும் போடுங்கள். இண்டியாப் களப்பணி 2008 அக்டோபரில் தொடங்கி 2020 டிசம்பரில் முடிந்தது. முதலில் அளந்த மாநிலத்துக்கும் கடைசியில் அளந்ததற்கும் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. அட்லஸ் 20 முதல் 79 வயதுவரை மட்டும் பார்க்கிறது. என்சிடி-ரிஸ்க் 18-இலிருந்து மேலே எல்லோரையும் எடுக்கிறது. சொந்தக் கணக்கெடுப்பே இல்லாத நாடுகளுக்கு அட்லஸ், அவற்றைப் போன்ற வேறு நாடுகளின் எண்ணைக் கடன் வாங்குகிறது. இவையெல்லாம் இரண்டு வரியில் சொல்லக்கூடியவை.

செய்யக்கூடாது: ‘உலகின் சர்க்கரைத் தலைநகரம்’ என்று தலைப்பிடாதீர்கள். அட்லஸ்படி சீனா முதலிடம், என்சிடி-ரிஸ்க்படி இந்தியா முதலிடம். மக்கள்தொகையில் முதலிரண்டு இடங்களில் இருக்கும் நாடுகள் தலைக்கணக்கிலும் முன்னால் நிற்பதில் செய்தி என்ன இருக்கிறது?

செய்ய வேண்டியது: அளந்தவரிடம் அவருடைய முடிவை அன்றே சொல்லுங்கள்.
ஆய்வறிக்கை இரண்டு ஆண்டு கழித்து வரட்டும். ரத்தம் கொடுத்த பெண் அதுவரை காத்திருக்கக் கூடாது. சோதிக்கப்படுகிறவர்களுள் நோய் இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்தச் செய்தியை முதன்முதலில் சொல்பவர் கணக்கெடுக்க வந்தவராகவே இருப்பார். கையில் ஒரு சீட்டு எழுதிக்கொடுங்கள். அதில் அவருடைய சர்க்கரை அளவு, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர், அங்கே மருத்துவர் இருக்கும் நாளும் நேரமும் தெளிவாக இருக்கட்டும்.